இரண்டு மணிக் கோடு

ரீகாவில் ஐந்தாம் மாடி, வெளியே டிராம் உரசல்.
ஐவார்ஸ் மண்டியிட்டு பேலன்ஸ் குமிழைத்
துளி திருகுவார்,
நாற்காலிக்கு ஓடுவார், உதடு பிதுக்குவார்,
மறுபடி மண்டி.
இந்த இசைத்தட்டில் பாடகி
இடப்பக்கமே ஒண்டிப் பாடுகிறாள்.
பதிவு செய்தவனுக்கு அன்று என்ன தூக்கமோ.

குமிழின் கோடு இரண்டு மணியைத் தொட்டதும்
அவள் நகர்ந்து வந்து
ஸ்பீக்கர்களுக்கு நடுவே, வெறும் சுவரில் நின்றாள்.
வாய் எங்கே என்று விரலால் காட்டலாம்.

“செல்லோவை என்ன செய்தாய்?”
அடுக்களையிலிருந்து ஜித்ரா.
பதினோரு வருடமாய் இடது ஸ்பீக்கர்
கதவு வழியே
அவளுக்குத்தான் வாசித்திருக்கிறது.

நடு என்பது
ஒரு நாற்காலி அகலம்தான் அந்த வீட்டில்.

பாதி சீவிய உருளைக்கிழங்கோடு வந்து
அவர் தலைக்குப் பின்னால் நிற்கிறாள்.
தோல் சுருளொன்று
அவர் சட்டையில் விழுகிறது,
வலத் தோளில்.