எட்டரை மணி

ஆறு ஐம்பது வண்டி
ஏழேகாலுக்கு இன்செயினில் தலைகாட்டியது.
யாரும் முகம் சுளிக்கவில்லை.
இருபத்தைந்து நிமிடத்தை இங்கே தாமதம் என்றால்
வெளியூரா என்று கேட்பார்கள்.

டானியின்கோன் சந்தையில் ஏற்றிய கீரைக்கட்டுகள்
வாசலை அடைத்துக் கிடந்தன.
கூடைக்கும் கூடைக்கும் நடுவே ஒரு காலும்
யாருடைய காலின் மேலோ இன்னொரு காலுமாக
நின்றேன். கைலி ஓரம் நனைந்து கனத்தது.

தமாயின் போனது. கமாயுட் போனது.
ஹ்லெடான் தாண்டி
ஒரு வேலிக்கும் ஒரு சாக்கடைக்கும் பக்கத்தில்
வண்டி நின்றது.

ரயிலுக்கு பர்மியச் சொல் மீயத்தா.
மீ நெருப்பு. யத்தா ரதம்.
நெருப்புத் தேராம்.
தேர் எனக்குத் தெரியும்.
எங்கள் கோயில் தேர் முக்கில் திரும்பாமல் நின்றால்
கட்டையை எடு கட்டையை எடு என்று கத்த ஆள் உண்டு,
பிடித்து இழுக்க வடம் உண்டு.
இதற்கு வடம் எங்கே கட்டியிருக்கிறது?
தெரிந்தால்
கீரைக்காரியும் நானுமே நிலைக்குக் கொண்டுவந்திருப்போம்.

சிக்னல் என்றார் ஒருவர்.
எஞ்சின் என்றார் ஒருவர்.
முன்னால் எருமை என்றாள்
நேற்றும் எருமை என்றவள்.

எட்டேகால்.
குதித்து இறங்கிய பையன்கள்
சரளைக்கல்லில் சறுக்கிச் சறுக்கிப் போய்
சாலையில் பஸ் பிடிப்பார்கள்.
எனக்கு வயது தடையில்லை,
கேரியரில் இருப்பது ரசம்.

இருபத்தொன்பதாம் தெருவில்
உளுந்தும் பாசிப்பயறும் கப்பலேற்றும் கம்பெனி எங்களுடையது.
எட்டரைக்கு வருகைப் பதிவேட்டில்
சிவப்புக் கோடு விழவேண்டும்.
கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டால் பிந்தியவர்.
மூன்று முறை பிந்தினால் அரைநாள் சம்பளம் பிடிப்பு.
கோடு போடுவது என் வேலை.
சிவப்புப் பேனாவும் அலமாரிச் சாவியும் என் பையில்.

ஆகவே எட்டரை மணி இன்றைக்கு
ஹ்லெடானுக்கும் ஹந்தாவதிக்கும் நடுவே
என்னோடு நிற்கிறது.

முதலாளி ஊ தெய்ன் லுவின் போனில் வந்தார்.
எங்கே இருக்கிறாய்?
வண்டியில்.
வண்டி எங்கே இருக்கிறது?
நேற்றுச் சொன்ன இடத்தில்தான்.

நான் படியேறியபோது ஒன்பது முப்பத்தைந்து.
அலமாரியைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள்,
ஒன்பதரைக்கு வந்த கோ ஸா ஊ கூட
எட்டு இருபதுக்கு வந்தவன் முகத்தோடு.
வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.
ஸ்கேல் வைத்து,
பதினொரு பெயருக்குக் கீழே,
நடுங்காமல் இழுத்தேன்.
அதற்கும் கீழே என் கையெழுத்து.
வீட்டில் நான் அஞ்சுகம், ஆபீசில் மா தீரி.
இரண்டு பேருமே பிந்திவிட்டார்கள்.

பிந்திய ஒரு மணி ஐந்து நிமிடத்தை
சாயங்காலம் உட்கார்ந்து தீர்த்துவிடு என்றார் முதலாளி.
தீர்த்தேன்.
மூட்டைக் கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு வந்தது,
திருத்தவில்லை.

ஐந்து ஐம்பது வண்டி
ஆறுக்கு முன்னால் கிளம்பிய சரித்திரமில்லை.
நடந்தே போனேன்.
மாங்காய்க் கீற்றுக்கு மிளகாய்ப்பொடி கூடக் கேட்டு
வாங்கித் தின்றுகொண்டே போனேன்.
பான்சோடான் பாலத்தின் மேல் ஏறிப் பார்க்கும்போது
கீழே, கடைசிப் பெட்டி
பாதி காலி ஜன்னல்களோடு
மேற்கே வளைந்துகொண்டிருந்தது.

ரைட் டைம், என்றார் பிளாட்பாரத்தில் கொடி சுருட்டியவர்,
தானே முதுகு கொடுத்துத் தள்ளிவிட்ட மாதிரி.
இந்த மாசத்தில் முதல் தடவை!

அடுத்தது எப்போது என்றேன்.
தலைக்கு மேலே கடிகாரம் இருந்தது.
அவர் வானத்தைப் பார்த்தார்.

காடை முட்டை நான்கு வாங்கி உட்கார்ந்தேன்.
சில்லறை தேடிக் கை விட்டபோது
பைக்குள்
சாவி தட்டுப்பட்டது.