இரட்டைப் பதிவு

களியக்காவிளை ரேஷன் கடை.
சரக்கு லாரி வராத மதியம்.
தராசுக்குப் பக்கத்தில் செலோடேப் ஒட்டிய கீபோர்டு.
ஞாயிறு ஆராதனைக்குள்
எஃப் ஸ்கேல் எனக்குக் கைவரணும்.

எஃப், ஜி, ஏ,
அப்புறம் விரல் கறுப்புக் கட்டையில் ஏறுகிறது.
ஏ ஷார்ப் என்று குறித்தேன்.
புத்தகம் பி ஃபிளாட் என்கிறது.
அதே கட்டை, அதே சத்தம்,
என்ன எழவுக்கு ரெண்டு பேர்?

றோஸ்லெட் வந்தாள், பையை உதறிக்கொண்டு.
கட்டிக்கொடுத்தது பாறசாலையில்,
அப்பன் வீடு படந்தாலுமூட்டில்,
ரெண்டு மாநிலத்துக் கார்டிலும் அவள்.
"அங்க மருமவ, இங்க மவ.
ஆளு ஒண்ணுதானே அக்கா?"
"ஒண்ணுதான். அதுக்குத்தான் ஒண்ணுல வெட்டணும்."

சொன்ன வாய் மூடவில்லை,
கறுப்புக் கட்டையைப் பார்த்தேன்.
ஏ ஏற்கெனவே வரிசையில் நின்று வாங்கியாச்சு.
மறுபடி ஏ வந்தால் பி பட்டினி.
அரைப்படி தாழ்ந்து வந்தாலும்
இது பி வீட்டு ஆள்.

ஏழு எழுத்து, ஆளுக்கு ஒரு தடவை.
அழித்து எழுதினேன்.

கடைசியில் ஈயும் எஃப்பும்.
நடுவில் கறுப்பே இல்லை,
எல்லையோரத்து ரெண்டு வீட்டுக்கு
ஒரே சுவர் மாதிரி.

றோஸ்லெட்டுக்கு அரிசி போட்டேன்.
பெயரை இன்னும் வெட்டவில்லை.