ஆறு ஓட்டை

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில்
மீதிச் சில்லறைக்குப் பதிலாக யாரோ கொடுத்த
ஒற்றைப் பட்டர் ஃப்ரூட்டை
டிக்கெட் மிஷினுக்கு அடியில் வைத்துக்
காரைக்குடி வரை கொண்டுவந்தார் இவர்.
பாதி நசுங்கியிருந்தது.
சர்க்கரை போட்டால் சோப்பு,
உப்பு போட்டால் நெய்,
எதுவும் போடாமல் தின்றால்
ஒன்றும் சொல்லாத பழம்.
கொட்டை மட்டும் கோழிமுட்டை கனத்தில்
உள்ளங்கையில் உருண்டது.
எறிய மனசு வரவில்லை.

மூன்று பல்குச்சி குத்தி
ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாயில் உட்கார வைத்தேன்.
ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மாதம் எண்ணி ஊசி போடுகிறவள்,
எனக்கு நாள் எண்ணத் தெரியும்.
முப்பத்தொன்பதாம் நாள்
கொட்டை நடுவில் பிளந்து
கீழே ஒரு வெள்ளை நூல்.
மேலே ஒன்றும் இல்லை.
மேலே வர அதற்கு அவசரமும் இல்லை.

பள்ளத்தூரில் பெரிய வீடொன்றின்
கடைசிக் கட்டில் இரண்டு அறை எங்களுக்கு.
வீட்டுக்குப் பங்கு பதினேழு.
ஒருவர் கோலாலம்பூர், இருவர் டல்லாஸ்,
ஒருவர் எங்கே என்று
மற்ற பதினாறு பேருக்கும் தெரியாது.
ஓடு மாற்றப் பதினேழு கையெழுத்து வேண்டும்.
மழைக்குப் பாத்திரம் வைத்துக்கொள்கிறோம்.

சாவி வைத்திருக்கும் ஆவுடையப்பன் சொன்னார்:
"தரையில மட்டும் வச்சுராதீக நர்சம்மா,
யாரு பங்குல நிக்கிதுன்னு
நாளைக்கு நம்மளக் கேப்பாக."

ஆகவே பெயின்ட் வாளி, இருபது லிட்டர்.
கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
அடியில் ஆறு ஓட்டை போட்டார் இவர்.
செம்மண், மணல், ஆட்டுப்புழுக்கை.
கொட்டையின் பாதி வெளியே தெரியணுமாம்.
தெரிந்தது, வழுக்கைத் தலை மாதிரி.

சித்திரையில் இலைநுனியெல்லாம் கருகிற்று.
நிழலுக்கு நகர்த்தினேன். கருகிற்று.
பழைய சேலையை மேலே கட்டினேன். கருகிற்று.
வெயில் இல்லை, உப்பு.
வெந்நீர்ப் பானையில் வெள்ளையாய்ப் படிகிறதே
போர்த்தண்ணீர், அது.
அன்றிலிருந்து
நாங்கள் குடிக்கிற குடத்திலிருந்தே
ஊருணித் தண்ணீர், நாளைக்கு ஒரு செம்பு.
இரவு பதினொன்றுக்கு டியூட்டி முடிந்து வருகிறவர்
வாளியைப் பார்த்துக்கொண்டே
"சாப்பிட்டாச்சா?" என்பார்.
யாரைக் கேட்கிறார் என்று
நான் விசாரித்ததில்லை.

தண்டிக்குடியில் பிறந்து
இங்கே வாக்கப்பட்ட செல்வராணி
ஐந்தாம் மாதச் செக்கப்பில்,
பிரஷர் பட்டையைக் கையில் சுற்றியபடி இருக்கையில் சொன்னாள்:
"அந்தப் பூவு மொத நாள் காலையில
பொண்ணா விரியும்க்கா. மூடிக்கும்.
மறுநாள் மத்தியானம் ஆணாத் தொறக்கும்.
ஒரே பூவுதான், ஆனா பாத்துக்கிடாது."
எனக்குக் காலை எட்டு மணி ஷிஃப்ட்.
இவருக்கு மதியம் இரண்டு.
சிரித்ததில் அவள் பிரஷரை
இரண்டாம் முறை பார்க்க வேண்டியதாயிற்று.
"வெதையில வந்தது காய்க்க
ஏழெட்டு வருசம் ஆகும்க்கா."
எங்கள் வாடகைப் பத்திரம் பதினொரு மாசம்.

மூன்றாவது தையில்
கோலாலம்பூர் முத்துக்கருப்பன் வந்தார்
வீட்டைப் படமெடுக்க.
என் தோளுயரம் நின்றது அப்போது.
"அந்த வாளி மட்டும் ஃப்ரேமுக்குள்ள வருது."
ஆவுடையப்பன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
தூக்கினோம்.
வரவில்லை.
குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால்
ஆறு ஓட்டையிலும் சுண்டுவிரல் மொத்தத்தில் வேர்,
சரளைக்குள் போயிருந்தது,
யாரையும் கேட்காமல்.

பாகப் பத்திரம் வந்தது.
வரைபடத்தை வாளிமேலேயே விரித்தார்கள்.
கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி,
மதிலில் இருந்து ஒன்பது.
விரல் வைத்த இடத்தில்
இருவரும் பேசாமல் நின்றார்கள்.
எங்கே என்று தெரியாதவர் பங்கு.

"வெட்டுறதுன்னா
அவரு கையெழுத்து வேணும்ல?" என்றார் ஆவுடையப்பன்,
என்னைப் பார்க்காமல்.

முத்துக்கருப்பன் கேமராவைக்
கொஞ்சம் இடதுபுறம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் செம்பை எடுத்துப் போனேன்.
பழக்கத்தில் கை வாளிக்குள் சாய்ந்தது.
நிறுத்தி,
சுற்றிலும் தரையில் ஊற்றினேன்.
ஒரு செம்பு காணவில்லை.
குடத்தையே எடுத்துவந்தேன்.