வாங்கும் விலை, விற்கும் விலை

என் முதலைத் தெருவில் அடுக்கி வைத்திருக்கிறேன்.
ஷில்லிங் கட்டுகள், செங்கல் செங்கலாய்,
இடுப்பளவுச் சுவர்.
தொழுகைக்கு அழைத்தால்
மேலே ஒரு வலையை வீசிவிட்டுப் போவேன்.
ஹர்கேசாவுக்கு வரும் வெளிநாட்டார்
படமெடுத்துக்கொண்டு சொல்வார்கள்:
"எவ்வளவு நேர்மையான ஊர்!"
நேர்மைதான். கூடவே கனமும்.
நூறு டாலர் திருடத்
தள்ளுவண்டி வேண்டும்.

இப்போது வலையும் வீண்.
தேநீர் குடித்தவன் பொத்தான் நாலு அழுத்திவிட்டு
எழுந்து போகிறான்.
ஒட்டகப்பால் எப்லா டாலரில் விலை சொல்கிறாள்,
போனுக்கு ஷில்லிங் தெரியாது.
போனுக்கு ஒற்றை வெங்காயமும் தெரியாது.
"மூணா எடு, கணக்கு நேராகும்" என்கிறான்
எதிர்க்கடை ரோப்லே.
மூன்றாவது அழுகும்.
அதை யார் பற்று எழுதுவது?

போன மாதம் ஒரு மதியம் கோபுரம் செத்தது.
சந்தை முழுக்கப் பணக்காரர்கள்;
ஒருவராலும் ஒரு வாழைப்பழம் வாங்க முடியவில்லை.
என் சுவரைத் தேடி வந்தார்கள்.
விலையை ஏற்றினேன். ஏன் மறைக்க?
அன்றைய லாபத்தை
இரவு, சிக்னல் வந்ததும்,
டாலராக்கிப் போனில்தான் போட்டேன்.

கூலேத்துக்குக் கண் தெரியாது.
பள்ளிவாசல் ஓரம், கழுத்தில் அட்டை,
அட்டையில் அவன் எண்.
மடியில் எதுவும் விழுவதில்லை.
டிக் என்று ஒரு சத்தம் மட்டும்.
பக்கத்தில் மஹாத், பத்து வயது, வாசிப்பான்:
"அரை டாலர்."
வாசிப்புக் கூலி பத்தில் ஒன்று.
வங்கி என்பது இப்படித்தான் பிறக்கிறதுபோல,
அரைக்கால் சட்டையோடு.

நேற்று தனியாக வந்தான்,
சுவர்களைத் தடவித் தடவி.
"வர்ஸமே, இதில் எவ்வளவு இருக்கு?"
"ஒன்பது டாலர் நாற்பது."
"பையன் சொன்னதும் அதுதான்" என்றான்.
குரலில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா,
எனக்குப் பிடிபடவில்லை.
"இருந்தாலும் கட்டாகக் கொடு.
ஒருதரம் கை பார்க்கட்டும்."

போனை நீட்டி, தன் ரகசிய எண்ணை
நடுத்தெருவில் உரக்கச் சொன்னான்.
நான்கு இலக்கம்.
எடுத்தேன், என் தரகு போக.
மடி நிறைய நோட்டு;
கட்டைவிரலால் தள்ளித் தள்ளி
மாலைவரை எண்ணினான்.
நடுவில் ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தான்.

பிறகு ரொட்டிக்குப் போனான். திரும்பி வந்தான்.
"ஷில்லிங் வேண்டாமாம். போன் இல்லையா என்கிறான்."

வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு.
ஒன்பது நாற்பது
எட்டு முப்பதாகப் போனுக்குள் திரும்பியது.
மஹாத் இதைவிட மலிவு.

கூலேத் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான்.
நான் வலையை மடித்தேன், விரித்தேன், மடித்தேன்.
அந்த நான்கு இலக்கத்தை
மறக்கப் பார்க்கிறேன்.
வரிசை மாறாமல் நிற்கிறது.