நூல் வேலை

தொழில் என்று கேட்ட கட்டத்தில்
நூல் வேலை என்று எழுதினேன்.
பக்கத்துக் கதிரையில் மொழிபெயர்ப்பாளர் வாமதேவன்,
முன்னாள் தபாலதிபர்.
முத்திரை குத்துகிற வேகத்தில்
அதை ஜெர்மனுக்கு மாற்றினார்:
புத்தகம்.

பூத்தையலுக்குப் பேர்போன சங்க்ட் காலன் நகரில்,
யன்னல் சேலையிலும் ஊசி நடந்த தடம் தெரிகிற ஊரில்,
பதினொரு வருஷம் சாவகச்சேரியில்
சட்டைகளுக்குக் கை வைத்த என்னை
புத்தகம் கட்டும் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

முதலாளி பெயர் அம்மான்.
சத்தியமாக அதுதான் பெயர்,
கதவில் பித்தளையில் இருந்தது.
சீர் கொண்டுவர வேண்டிய முறைக்காரர்
ஒரு கட்டு மடித்த தாளைக் கொண்டுவந்து
என் முன்னால் வைத்தார்.
கூடவே ஒரு ஊசி.
மெழுகு பூசிய நூல்.

நூலின் முதுகில் துளை போட்டு
நூலைக் கோத்து
நூலைத் தைத்தேன்.
படிவத்தில் நான் எழுதியது
அப்படிப் பார்த்தால் பொய்யில்லை.

ரெகுலா அடுத்த மேசை.
ஈய எழுத்துக் கோத்தே முப்பது வருஷம் போனவள்,
காதில் பென்சில், வாயில் கராம்பு.
அச்சில் ஒரு சொல் தவறி இரண்டு தரம் விழுந்தால்
அதற்குக் கல்யாணம் என்று பேராம் இங்கே.
விழவேண்டிய சொல் விழாமல் போனால் பிணம்.
"இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணம், இரண்டு பிணம்"
என்று சொல்லிவிட்டு ரொட்டி கடிப்பாள்.
எங்கள் ஊரில் சொல் இரட்டிப்பது குற்றமில்லை,
சலசல, மடமட, கிசுகிசு,
சேர்ந்தே இருக்கும்,
பிரித்தால் இரண்டுக்கும் பொருளில்லை என்றேன்.
"அதுதான் கல்யாணம்" என்றாள்,
இருமுறை மணமுறிந்தவள்.

புத்தக முதுகின் உச்சியில் ஒட்டுகிற
பட்டு நாடாவுக்குப் பேர் கப்பிட்டால்.
முதல் என்று அர்த்தம்,
வட்டிக்கு விடுவோமே, அந்த முதல்.
அதைக் கடைசியில்தான் ஒட்டுவோம்.

அக்டோபரில் எனக்கு ஒரு வரி வந்தது.
மூன்று மாதமாய்க் காத்திருந்த வரியல்ல,
கன்டோன் அலுவலகம் அனுப்பிய வரி.
முப்பது நாள் தவணை.
என் வரிக்குத் தவணையுமில்லை, நினைவூட்டலுமில்லை.
அன்று கோந்து காயும்வரை சும்மா இருந்தபோது
வெட்டி எறிந்த தாள் விளிம்பில் கிறுக்கினேன்:

நூலென்றேன் நூலென்றார் நூலுக்குள் நூலோட்டி
மேலட்டை போட்டேன் பிழைத்து.

ஏழு சீர்.
அம்மான் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வாமதேவன் ஆறு வருஷம் கழித்து
பட்டறை வாசலில் வந்து நின்றார்,
தொப்பியில் பனி, கையில் பை.
சூரிச்சில் வருகிற தமிழ் மாத இதழில்
அவர் கவிதை எழுதுவது தெரியும்,
எதுகைக்காகத் தாயையும் பேயாக்கிவிடுவார்.
"பிள்ளை, அடி கொஞ்சம் நீண்டுபோச்சு,
குறைச்சுத் தரவேணும்."
ரெகுலாவின் காதிலிருந்து பென்சிலை உருவினேன்.
"எத்தினையாம் அடி?"
"ரெண்டும்தான்."

பையைத் திறந்தார்.
சாம்பல் நிறக் காற்சட்டை.
மகளின் பதிவுத் திருமணத்துக்காம்,
சனிக்கிழமை பத்து மணிக்கு.
நான் தையல்காரி என்பது
அப்போதே தெரியுமாம் அவருக்கு.

கோந்துப் பானையைத் தள்ளி வைத்து,
புத்தக நூலாலேயே
இரண்டு அடியும் மடித்துத் தைத்தேன்,
தளை தட்டாமல்.
"காசு?" என்றார்.
"என்ர வெண்பா காசில முடியேல்ல ஐயா,
பிறப்பில முடிஞ்சது" என்றேன்.

விளங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்,
இரண்டு பிராங்க் கூடுதலாக.