ஆறாத கோடு

லான்சோவில் மாலை ஆறு மணிக்கு
நான் ஒரு காயம் கீறுகிறேன்.
மஞ்சள் பிளாஸ்டிக் முனை, ஒரே இழுப்பு.
கை நடுங்கினால் தட்டு குப்பைக்கு.
ரத்தமில்லை. வலிக்கிறதென்று சொல்ல
அங்கே யாருமில்லை.
இருப்பவை நுரையீரல் புற்றணுக்கள்.
யாரோ ஒருவர், ஐம்பத்தெட்டு வயது,
பெயர் குறிப்பில் இல்லை.
அவர் மார்பை விட்டுக் கிளம்பியவை
கடல் தாண்டி, உறைபெட்டியில் தூங்கி,
என் இன்குபேட்டரில் விழித்து
இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

இடத் தட்டுக்கு வெறும் கரைப்பான்.
வலத் தட்டுக்கு அதிமதுரம்:
பாலை மணலில் விளைந்த வேரிலிருந்து
பிரித்தெடுத்த மஞ்சள் பொடி, துளியினும் துளி.
வடித்த பிறகும் இனிப்பு மிஞ்சுமா?
நாக்கில் வைக்க விதி இடம் தராது.

ச்சியென்யீ என்று எங்களிடம் ஒரு சொல்.
அணு இடம்பெயர்ந்தாலும் அதுதான்,
குடும்பப் பதிவேட்டை வேறூருக்கு மாற்றினாலும் அதுதான்.
போன மாதம் உரும்ச்சியிலிருந்து
போ யான் அந்தப் படிவத்தை அனுப்பியிருந்தான்.
மனைவியின் கையெழுத்துக்கான கட்டம் காலி.
பையில் கிடக்கிறது.

காலை ஆறு. நுண்ணோக்கியில்
இடத் தட்டின் இரு கரைகளும்
விரல் நீட்டத் தொடங்கியிருந்தன.
மாலை ஆறு. கீறிய இடமே தெரியவில்லை.
எங்கும் இதற்கு ஆறுதல் என்று பெயர்.
இங்கே மட்டும் கெட்ட செய்தி.

வலத் தட்டில் கோடு கோடாகவே இருந்தது.
செத்துத்தான் நின்றனவோ என்று
சாயமிட்டுப் பார்த்தேன்.
உயிரோடுதான்.
தோணி வராத துறையில்
கால் மடக்கி உட்கார்ந்தவர்களைப் போல.

மூன்றாம் தடவை
நட்ட நடு வெளியில் ஒரே ஒரு அணு,
வால் நீண்டு, தனியாக.
"படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் போதும்,
தெரியாது" என்றான் சியே தோங்.
வெட்டவில்லை.
கடந்தவை: ஒன்று என்று எழுதினேன்.

மஞ்சளாற்றின் அக்கரையில்
மருத்துவமனையின் ஒன்பதாம் மாடி விளக்குகள்.
அங்கே இருமுகிறவர்களுக்கு
என் தட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.
தெரிந்து இன்றைக்கு ஆகப்போவதும் இல்லை.
தட்டு வேறு, மார்பு வேறு.

பேருந்து பாலத்தில் ஏறியது.
பையில் பேனா இருந்தது.
குலுக்கலில் கையெழுத்து கோணும் என்று
எடுக்கவில்லை.