கடன்

சுகாதார நிலையத்துப் பெண்
நூற்று நாற்பது படி ஏறிய மூச்சு அடங்குமுன்
உதட்டை அகல அகல விரித்துக் கேட்டாள்:
காதுக் கருவி எங்கே, தோன்யா எர்மெலிண்டா?

பிஸ்கட் டப்பாவில்.
மாட்டினால் வால்பரைசோ முழுவதும்
தகரத்துக்குள் உருளுகிறது.
கடலுக்கும் குளிர்பெட்டிக்கும்
ஒரே குரல்.
என்னிடம் இதைவிட நல்ல காது இரண்டு உண்டு.
வெளியே கறுப்பு, உள்ளே ரோஜா,
அதோ, சன்னல் மேடையில்.

மீன் ஆலையில் இருபத்தெட்டு வருடம்
டப்பா மூடும் எந்திரத்தின் பக்கத்தில் நின்றேன்.
ஒரு கையால் சம்பளம் தந்தது
மறு கையால் தவணை தவணையாய்ப் பிடித்துக்கொண்டது.
முதலில் குருவிகள் போயின.
பிறகு தோழிகளின் சிரிப்பு.
கடைசியில் துறைமுகத்துச் சங்கு.
சங்கு ஊதுகிறது என்றால் இப்போது
டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது,
அவ்வளவுதான்.

கீழறையில் குடியிருந்த ரிகோபெர்த்தோ
மூன்று மாத வாடகை பாக்கி வைத்து
ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியபோது
இதை மட்டும் விட்டுப்போனான்.
அதனால்தான் பெயர் கடன்.
மறுவருடம் கடன் நாலு குட்டி போட்டது.
வட்டி என்று சொல்லித்
தெருவுக்குப் பங்கு வைத்தேன்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று
ஊர் யோசித்துக்கொண்டே இருக்கட்டும்,
நான் கட்டினேன், முதல் வாரமே.
மணிதான் எனக்குக் கேட்கவில்லை.
வாலை இரண்டு முறை மிதித்தேன்.
கணுக்காலில் இன்னும் தழும்பு.
அது கேட்பதை நான் பார்த்தால் போதும் என்பது
புரிய ஒரு குளிர்காலம் ஆயிற்று.

இடது காது மட்டும் பின்னால் திரும்பினால்
படியில் ஆள்.
இரண்டும் நிமிர்ந்து, கூடவே எழுந்து நின்றால்
மீன்காரர் அபெலார்தோ.
உருளையைக் கம்பியால் தட்டிக்கொண்டு
எரிவாயுக்காரன் தெருமுனை திரும்பினால்
காதுகள் தலையோடு ஒட்டிக்கொள்ளும்,
கடன் கட்டிலுக்கடியில் போகும்,
நான் பணத்தோடு இறங்குவேன்.

எனக்கு ஊழியம் செய்கிறது என்று எழுதிவிடாதே, பெண்ணே.
பால் பொங்கி அடுப்பு அணைந்த அன்று
பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.
நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லுமா என்று
எல்லோரும் கேட்கிறார்கள்.
இதுவரை சொன்னதில்லை.
ஆடியபோது இரண்டு பேரும் ஒன்றாகவே விழித்தோம்,
ஒரே மேசைக்கடியில் சண்டை போட்டோம்.
அது தனக்காகக் கேட்கிறது.
நான் ஓரமாக நின்று
கொஞ்சம் திருடிக்கொள்கிறேன்.

போன மார்ச்சில்
நள்ளிரவு தாண்டி, தினமும்,
வலது காது சுவரைப் பார்த்துத் திரும்பியது.
எலி என்று நினைத்து உள்ளங்கையை வைத்தேன்.
சுவருக்குள் ஏதோ நடந்துபோனது,
மெதுவாக, கனமாக, திரும்பி வந்து, மறுபடி.
அடுத்த வீட்டுப் பையன் நிக்கானோர்
தன்னைவிட உயரமான ஒரு வாத்தியம் வாங்கியிருக்கிறான்.
தூக்கம் கெடுகிறதென்று தெருவே புகார் எழுதிக்
கையெழுத்து கேட்டு வந்தது.
காது கேட்காது என்று சைகை காட்டினேன்.
பன்னிரண்டு அடித்தால் நாற்காலியைச்
சுவரோரம் நகர்த்துகிறேன்.
கடன் மார்பின் மேல் ஏறிக் குர்ரென்று இழைக்கும்.
அது காதுக்கு வருவதில்லை.
நேராக விலா எலும்புக்கு வருகிறது.
முதுகில் ஒரு சங்கீதம், முன்னால் ஒன்று.
இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.
இருக்கட்டும்.

அவள் தலையாட்டிப் பக்கம் திருப்பினாள்.
தனியாக வசிக்கிறீர்களா?
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
பேனா முனை ஆம் மேல் இறங்கும் நேரம்
சன்னல் மேடையில் ஒரு காது
பாதி வட்டம் சுழன்று
அவள் தோள்பையில் நின்றது.

உன் போன் அடிக்கிறது, என்றேன்.

இல்லையே, சத்தத்தை அணைத்துவிட்டேனே என்றாள்.
பிறகு பையைத் திறந்தாள்.